வேலையாகச் சிங்கப்பூர் வருகிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

பயணப்பை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு வேலையை முடித்துக் கொடுக்கச் சிங்கப்பூர் வருகிறேன். அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில். நடந்து போகும் தூரத்திலேயே எங்கள் பயணப் பிரிவு ஓர் ஓட்டலைப் பார்த்து வைத்திருக்கிறது. காலை உணவு அங்கேயே கிடைத்துவிடும். மற்ற இரண்டு வேளைக்கும் ரசீது கொடுத்தால்தான் பணம் திரும்ப வரும், நாள்படி கிடையாது.

நான் முட்டை சாப்பிடுவேன்; மீனும் இறைச்சியும் தொடமாட்டேன். உடன் வரும் நண்பர் ஹலால் மட்டும் சாப்பிடுபவர். தினமும் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியா பக்கம், போய்ச் சாப்பிட்டுவிட்டு வர முடியுமா? உணவங்காடி நிலையங்களில் ரசீது தருவார்களா? இன்னொன்று, வாடிக்கையாளர் ஒருநாள் சீன உணவகத்தில் விருந்து வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால்தான் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.

தெம்பனிஸ் தாமரை எழுதியது:

தம்பி, எங்கே சாப்பிடுவது என்பதற்கு முன்னால் அந்த ஓட்டலை மாற்ற முடியுமா என்று பாருங்கள். நான் அந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

பிசினஸ் பார்க் மதியத்தில் ஒரு ஊர், இரவில் வேறு ஊர். பன்னிரண்டு மணிக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஆயிரக்கணக்கானோர் இறங்கி வருவார்கள். உணவுக்கூடங்களில் உட்கார இடம் இருக்காது. மாலையில் அலுவலகங்கள் காலியானதும் கடைக்காரர்களும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். எக்ஸ்போ நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் கடைத்தொகுதி மட்டும் இரவில் கை கொடுக்கும். முதல் சில நாள் அது போதும். பிறகு அதே பலகைகளையும் அதே படங்களையும் பார்த்தாலே பசி போய்விடும்.

இந்த ஊரில் மதியச் சாப்பாடு அலுவலகம் இருக்கிற இடத்தில் கிடைக்கும். இரவுச் சாப்பாடு வீடுகள் இருக்கிற இடத்தில்தான் கிடைக்கும். நகர மையத்திலும் இதே கதைதான். அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்தில் மதியம் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். அதே இடத்துக்குச் சனிக்கிழமை போனால் பாதிக் கடைகளின் கதவு இறங்கியிருக்கும். லாவ் பா சாட் என்னும் உணவங்காடி ஒன்றுதான் விதிவிலக்கு. மாலை ஏழு மணிக்கு மேல் பக்கத்துச் சாலையை மூடி நாற்காலி போட்டு, குச்சியில் குத்திய இறைச்சியான சாத்தே சுடுவார்கள். அதற்கும் சைவக்காரரான உங்களுக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே சாப்பாடு இருக்கும் இடத்தில் தங்குங்கள், வேலைக்கு ரயிலில் போங்கள். டௌன்டவுன் பாதையில் எக்ஸ்போவிலிருந்து லிட்டில் இந்தியா நிலையத்துக்கு மாறாமல் ஒரே ரயிலில் வந்துவிடலாம். ரோச்சோர், ஜாலான் புசார், ஃபேரர் பார்க் பக்கமெல்லாம் நடுத்தர விலை ஓட்டல்கள் நிறைய உண்டு. பயணப் பிரிவினர் வரைபடத்தில் அலுவலகத்துக்கு எது பக்கம் என்று மட்டும்தான் பார்ப்பார்கள். இரவு எட்டரை மணிக்குப் பசியோடு நிற்பது அவர்களில்லையே.

இரவுப் பணி எழுதியது:

அக்கா சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியாவிலிருந்து வருபவருக்கு மாலை ஆறு மணியோடு வேலை முடிந்துவிடுமா? சென்னைக் குழுவோடு இரவுக் கூட்டம் இருக்கும். அப்போது நடந்து போகும் தூரத்தில் அறை இருப்பதன் அருமை தெரியும். தள்ளித் தங்கினால் பயண நேரம் அதிகம், மழை வேறு. மதியமே இரண்டு பொட்டலமாக வாங்கி ஒன்றை அறையில் வைத்துக்கொள்ளலாமே.

துவாஸ் தொழிலாளி எழுதியது:

மதியப் பொட்டலத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். கப்பல் பட்டறைப் பக்கம் எங்களுக்குக் கேட்டரிங் சாப்பாடுதான். நள்ளிரவுக்கு மேல் சமைத்து, விடிவதற்குள் பொட்டலம் கட்டி, லாரி ஏறும்போது கையில் கொடுத்துவிடுவார்கள். மதியம் பிரிக்கும்போது சோறு ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்புப் பையின் முடிச்சை அவிழ்த்தால் முதலில் மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்போம். புளித்திருந்தால் ஊறுகாயோடு வெறும் சோறு. இந்த வெயிலும் ஈரமும் சேர்ந்தால் சமைத்த உணவு நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எங்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

துவாஸ் பக்கம் வேலையாக வரும் பொறியாளர்களுக்கும் ஒரு சொல். 2017இல் துவாஸ் லிங்க் வரை ரயில் வந்துவிட்டது. ஆனால் நிலையத்தில் இறங்கிவிட்டால் பட்டறை வாசல் வரை சாப்பாட்டுக் கடை ஒன்றும் கண்ணில் படாது. தொழிற்பேட்டை கேன்டீன்கள் காலையிலும் மதியத்திலும்தான் உயிரோடு இருக்கும். விருந்தினராக வந்த ஒரு பெரிய அதிகாரி மூன்று மணிக்கு வந்து பிஸ்கட் மட்டும் தின்றுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கீரைக்கட்டு எழுதியது:

சைவக் கேள்விக்கு நான் வருகிறேன். தேக்காவை விட்டால் கதி இல்லை என்று நினைத்துத்தான் நம் ஊர்க்காரர்கள் இங்கே தினமும் தோசையைத் தின்று சலித்துப்போகிறார்கள்.

பெரும்பாலான குடியிருப்புப் பேட்டைகளில் ஒரு சீனச் சைவக் கடையாவது இருக்கும். பௌத்தர்கள் நடத்துவது. வெங்காயம், பூண்டுகூடப் பல கடைகளில் சேர்ப்பதில்லை. காலையில் போனால் சைவ பீஹூன் கிடைக்கும்: மெல்லிய அரிசிச் சேமியா, மேலே பொரித்த தவ்ஃபூ (சோயாக்கட்டி) தோல், முட்டைக்கோஸ், கொஞ்சம் மிளகாய் அரைத்தது. மதியம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வரிசையாகத் தட்டுகள் இருக்கும். சோறா சேமியாவா என்று ஆண்ட்டி கேட்பார். விரலால் இரண்டு மூன்று வகைகளைக் காட்டினால் போதும், மொழியே தேவையில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தட்டை ஒரு பார்வை பார்ப்பார், விலையைச் சொல்லிவிடுவார். எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வழக்கமாக ஐந்தாறு வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) வயிறு நிறையும். இறைச்சி போலவே தோற்றமளிக்கும் துண்டுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும்தான். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் விரதமாகச் சைவம் சாப்பிடுவார்கள்; அன்றைக்கு வரிசை நீளும், சீக்கிரம் போய்விடுங்கள்.

ஆபத்து இருப்பது சைவக் கடையில் அல்ல, மற்றக் கடைகளில் சைவம் போலத் தெரியும் தட்டில். சம்பால் கங்கோங் வெறும் கீரைதானே என்று வாங்காதீர்கள். பெலச்சான், அதாவது இறால் விழுது, அதில்தான் இருக்கிறது. சீன ரோஜாக்கில் பழமும் காயும்தான் கண்ணுக்குத் தெரியும், மேலே ஊற்றும் கறுப்புக் குழம்பு இறால் குழம்பு. லக்சா என்னும் தேங்காய்ப்பால் சேமியாக் குழம்பில் உலர்ந்த இறால். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் முட்டையை மட்டும் கேட்டு வாங்கினாலும் சம்பாலில் (மிளகாய் விழுதில்) நெத்திலி இருக்கக்கூடும். கேரட் கேக் என்று எழுதியிருக்கும். அதில் கேரட்டும் கிடையாது, அது கேக்கும் கிடையாது. முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து முட்டையோடு வறுத்தது. முட்டை சாப்பிடுகிறவர் என்பதால் ஆசை வரும். பல கடைகளில் வறுப்பது பன்றிக் கொழுப்பில்.

கம்போங் கிளாம் எழுதியது:

ஹலால் தேடும் நண்பருக்கு. 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று ஒரு பலகை பல கடைகளில் தொங்கும். அது ஹலால் சான்றிதழ் ஆகாது. முயிஸ் என்னும் இஸ்லாமியச் சமய மன்றம் கொடுக்கும் சான்றிதழ் கடையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முஸ்லிம்களே நடத்தும் சிறு கடைகள் சில சான்றிதழ் வாங்காமலும் இருக்கும், கேட்டால் சொல்வார்கள்.

சாங்கி பக்கமே அவருக்குக் குறையில்லை. சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக்குக்கு எப்போதும் கூட்டம். பிடோக் பக்கம் சிம்பாங் பிடோக்கில் நள்ளிரவிலும் புரோட்டாக்கல் சூடாக இருக்கும். வார இறுதியில் கேலாங் சிராய் சந்தைக்கு ஒரு நடை போய் வரட்டும்.

சாப்பிட்ட தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் முதல் இது சட்டம். காப்பிக்கடைகளுக்கும் உணவுக்கூடங்களுக்கும் 2022 ஜனவரியில் வந்தது. ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றதற்கு வேறு அடுக்கு. நீங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ரசீது ராஜா எழுதியது:

கணக்குப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் என் பங்கு.

உணவங்காடிக் கடையில் ரசீது என்பது பெரும்பாலும் இல்லை. ஐந்து வெள்ளிச் சாப்பாட்டுக்குப் பில் கேட்டால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். இதனாலேயே, ரசீது கேட்கும் நிறுவனங்களின் ஊழியர்கள் ஐந்து வெள்ளிக்கு நன்றாகச் சாப்பிடக்கூடிய ஊரில், பில் கிடைக்கும் என்பதற்காக முப்பது வெள்ளி உணவகத்தில் போய் உட்காருகிறார்கள். நிறுவனத்துக்கும் நட்டம், வயிற்றுக்கும் நட்டம். கிளம்புவதற்கு முன்பே உங்கள் மேலாளரிடம் இதைக் கணக்கோடு எழுதிக் கேளுங்கள்: ஒன்று நாள்படி கொடுக்கட்டும், அல்லது ஒரு குறிப்பிட்ட தொகை வரை ரசீது இல்லாமல் கையெழுத்திட்ட பட்டியலை ஏற்கட்டும். இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு. சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையம் நாடு வாரியாக நாள்படிக்கு ஏற்கத்தக்க அளவை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதற்கு மேல் கொடுத்தால் கூடுதலாகக் கொடுத்த பகுதிக்குத்தான் வரி.

உணவகங்களில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தத் தொகையின்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 20 வெள்ளி என்று எழுதியிருந்தால் நீங்கள் கொடுப்பது 23 வெள்ளி 98 காசு. தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. சாப்பிட்ட உணவுக்குக் கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்ப வாங்க முடியாது. அந்தச் சலுகை ஊருக்கு எடுத்துப்போகும் பொருள்களுக்குத்தான்.

கையில் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் ஒட்டியிருக்கும் பேநவ் சதுரம், அதாவது கைப்பேசியில் வருடிப் பணம் கட்டும் குறியீடு, உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது. வெளிநாட்டு அட்டையைப் பல சிறு கடைகள் வாங்குவதில்லை.

சிராங்கூன் ரோடு எழுதியது:

எல்லாரும் தேக்காவை ஒதுக்கிவைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. வேலைக்கு வந்தவர் ருசி ஆராய்ச்சிக்கு வரவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் வயிற்றுத் தொல்லை இல்லாமல் நிற்க வேண்டும். அதற்குப் பழகிய ரசஞ்சோறுதான் மருந்து. ஆனந்த பவன் 1924இலிருந்து இருக்கிறது, கோமள விலாஸ் 1947இலிருந்து. நம் மக்கள் இங்கே வேலைக்கு வந்த காலத்திலிருந்து இந்தச் சாலைதான் சோறு போட்டிருக்கிறது. அசைவக்காரர்களுக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழை இலை போட்டு மீன்தலைக் கறி. உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்பதற்காக நாமும் அங்கேயே விழுந்து கிடக்க வேண்டுமா?

ரசீது ராஜா எழுதியது:

யுனெஸ்கோவாலும் ஐந்து வெள்ளிக்கு ரசீது வாங்கித் தர முடியாது, அண்ணே. அந்த விஷயத்தில் உங்கள் சாலைதான் வெற்றி. அச்சடித்த பில் கையில் வரும்.

தெம்பனிஸ் தாமரை எழுதியது:

அண்ணா, நான் தேக்காவை ஒதுக்கவே இல்லை. அங்கே தங்குங்கள் என்றுதானே சொன்னேன்! தினமும் சாங்கியிலிருந்து புறப்பட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி சாங்கிக்குத் திரும்பாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. அப்படிப் போனால் போகவர ரயிலிலேயே மாலை கரைந்துவிடும்.

ஞாயிறு மாலை மட்டும் வேறு கணக்கு. விடுப்பில் வரும் தொழிலாளர் கூட்டத்தில் நடைபாதையே தெரியாது. கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. அன்றைக்கு தெம்பனிஸ் வந்துவிடுங்கள். எக்ஸ்போவிலிருந்து மூன்றாவது நிறுத்தம். நம் தெம்பனிஸ் நடுவம் என்னும் சமூக வளாகத்தோடு சேர்ந்த உணவங்காடி நிலையம் உண்டு. குடும்பம் குடும்பமாக வந்து இரவு வெகு நேரம் வரை சாப்பிடுவார்கள்.

இரவுப் பணி எழுதியது:

தெம்பனிஸ் மூன்றே நிறுத்தம் என்றால் என் ஆட்சேபத்தில் பாதி போய்விட்டது. இரவுக் கூட்டம் இருக்கும் நாளில் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். மழை பற்றிய ஆட்சேபம் அப்படியே நிற்கிறது.

அக்கரைச்சீமை எழுதியது:

நான் இங்கிருந்து தணிக்கை வேலையாக வெளியூர்களுக்குப் போகிறவள். ஒரு பெண் தனியாக இரவில் உணவகத்துக்குள் நுழைந்தால் சில ஊர்களில் 'எத்தனை பேர்?' என்று இரண்டு முறை கேட்பார்கள். பிறகு கழிவறைக்குப் பக்கத்து மேசையைக் காட்டுவார்கள். அறைக்கே சாப்பாடு வரவழைத்துக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்ட இரவுகள் எனக்கு நிறைய உண்டு. உணவங்காடி நிலையத்தில் அந்தத் தொல்லை இல்லை. தனியாளாக வந்து முன்பின் தெரியாதவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவது இங்கே அன்றாட வழக்கம். 'இங்கே ஆள் இருக்கிறார்களா?' என்று கேட்டுவிட்டு உட்காரலாம். மேசையில் ஒரு கைக்குட்டைத் தாள் பொட்டலம் மட்டும் அநாதையாகக் கிடந்தால் யாரோ இடம் பிடித்துவிட்டு வரிசையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அதை எடுத்துக் கை துடைத்துவிடாதீர்கள். அலுவலகத்தில் உங்களோடு பெண்கள் யாராவது வருவதாக இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

விருந்து பற்றி யாரும் பேசவில்லையே. அதுதான் உண்மையில் கவனம் தேவைப்படும் வேளை. வட்ட மேசை, நடுவில் சுழலும் பலகை. விருந்து வைப்பவர்தான் எல்லாருக்கும் சேர்த்து வரவழைப்பார். உங்கள் கையில் உணவுப்பட்டியல் வராமலேயே போகலாம். ஆகவே சைவம் என்பதை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள். இரண்டு நாள் முன்பே அழைப்புக்கு நன்றி சொல்லும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: மீன், இறைச்சி, இறால், சிப்பிக் குழம்பு எதுவும் வேண்டாம், முட்டை சரி. சிப்பிக் குழம்பை விடாமல் எழுதுங்கள். காய்லான் கீரையின்மேல் பளபளவென்று ஊற்றிக்கொண்டு வருவது அதுதான். தவ்ஃபூவைக்கூடக் கோழிச் சாற்றில் வேகவைக்கும் பழக்கம் உண்டு. சொல்லிவிட்டால் 'லோ ஹான்' என்னும் கலவைக் காய்கறிக் கூட்டு உங்களுக்கென்று தனியாக வரும், அதை மற்றவர்களும் எடுத்துக்கொள்வார்கள்.

உட்கார்ந்தவுடன் வேர்க்கடலையும் ஈரத் துண்டும் கேட்காமலே வரும். அவற்றுக்கும் பில்லில் காசு உண்டு, ஆனால் விருந்தாளி அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் உங்கள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுங்கள், அதுவே நன்றி. அடுத்து அவர் கிண்ணம் காலியானால் நீங்கள் ஊற்றுங்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவதுபோல் இருக்கும். கரண்டி கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். 'யாம் செங்' என்று எல்லாரும் கோப்பையைத் தூக்கி நீட்டிக் கத்தும்போது உங்கள் கோப்பையில் தேநீர் இருந்தாலும் சரி, எழுந்து நின்று நீங்களும் கத்துங்கள். மூச்சு எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மறுவிருந்து வைக்க நினைத்தால் ஒரு விஷயம். வாடிக்கையாளர் அரசாங்க அமைப்பாக இருந்தால் அவர்கள் மறுக்கக்கூடும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஊழல் தடுப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது; பெரிய நிறுவனங்களில் விருந்துக்கும் பரிசுக்கும் எழுதிவைத்த வரம்பு இருக்கும்.

பயணப்பை எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பயணப் பிரிவில் பேசினேன். ஃபேரர் பார்க் பக்கத்து ஓட்டல் விலை முதலில் பார்த்ததைவிடக் குறைவு என்பதால் உடனே சரி என்றுவிட்டார்கள். இரவுக் கூட்டங்களை அறையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளரும் சொல்லிவிட்டார். ரசீது இல்லாத செலவுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். ராஜா அண்ணா, எவ்வளவு கேட்கலாம்? விருந்துக்கான கடிதத்தை அக்கரைச்சீமை அக்கா சொன்னபடியே எழுதிவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி: சர்க்கரை இல்லாத காப்பி எப்படிக் கேட்பது? நண்பருக்குச் சர்க்கரை நோய்.

ரசீது ராஜா எழுதியது:

இரண்டு வேளைக்கும் குடிக்க ஏதாவதோடு சேர்த்து 20 வெள்ளி என்று கேளுங்கள். அதற்குள் தாராளமாக முடியும், பேரம் பேசிக் குறைத்தாலும் இடிக்காது. உணவக பில் இருக்கும் நாளில் இந்தத் தொகையை எழுதாதீர்கள். தணிக்கையில் முதலில் மாட்டுவது அதுதான்.

கீரைக்கட்டு எழுதியது:

காப்பிக்கடையில் வெறும் 'கோப்பி' என்றால் கெட்டியான இனிப்புப் பால் சேர்த்து வரும். நண்பர் அதைத் தொடவே வேண்டாம். 'கோப்பி ஓ' என்றால் பால் இருக்காது, சர்க்கரை இருக்கும். 'கோப்பி ஓ கோசோங்' என்று கேட்கச் சொல்லுங்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பால் வேண்டுமென்றால் 'கோப்பி சி கோசோங்', இனிப்பில்லாத கெட்டிப்பால் மட்டும் சேர்ப்பார்கள். தேநீருக்கும் இதே முறைதான், 'கோப்பி' இருக்கும் இடத்தில் 'தே' போட்டுக்கொள்ளுங்கள். இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக்கில் இனிப்புப் பால் உண்டு, அதுவும் ஆகாது.

தெம்பனிஸ் தாமரை எழுதியது:

வரும் வாரத்தில் எந்தெந்த உணவங்காடி நிலையங்கள் துப்புரவுக்காக மூடியிருக்கும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் தேதியோடு போட்டிருப்பார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள். கடைகளுக்கு வார விடுமுறையும் ஆளுக்கு ஒரு நாள். திங்கட்கிழமை பல கடைகள் இருக்காது.